ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனால்

ஜனவரி 5, ஞாயிறு

இரண்டு விளம்பரங்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் சொந்த மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பழகும் நாளுக்கு, இரண்டும் பிப்ரவரி. ஒன்று மற்றதைவிட 2,500 ரூபாய் குறைவு. குறைவானதில் முட்டியைத் தரையில் உரசிக்கொண்டு வளையும் படங்கள்தான் நிறைய. கீழே ஒரு வரி: எல்லா லெவலும் வரலாம்.

வரலாம், சரி. எல்லாரும் ஒரே நேரத்தில் டிராக்கில் இருப்போமா? பத்து வருஷம் பழகியவரும் நானும் ஒரே வளைவிலா? கேட்டு எழுதினேன். இன்னொன்றும் கேட்டேன். ஆம்புலன்ஸ் யாரையாவது ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனால், மற்ற வண்டிகளை நிறுத்துவீர்களா?

ஜனவரி 7, செவ்வாய்

பதில் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

விலை கூடுதலாக இருந்தவருக்கு நேரே போன் செய்தேன். அரை மணி நேரம் பேசினார். நான் கேட்டதைவிட அவர் கேட்டதுதான் அதிகம். என்ன வண்டி, எத்தனை வருஷமாக ஓட்டுகிறேன், இதுவரை எங்கே விழுந்திருக்கிறேன், டயர் எந்த வருஷத்தது. டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் படிக்கச் சொன்னார். இறங்கிப் போய் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னேன். முதல் இரண்டு எண் தயாரான வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். ஐந்து வருஷமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன், அந்த எண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மூன்று குழு. புதியவர்கள், நடுவில் உள்ளவர்கள், வேகமானவர்கள். குழுவுக்கு 20 நிமிஷம், மாறிமாறி. புதியவர்கள் குழுவில் ஒரே நேரத்தில் 15 வண்டிக்கு மேல் விடமாட்டார்கள். நான்கைந்து பேருக்கு ஒரு பயிற்சியாளர். நேர்ப்பாதையில் மட்டும்தான் முந்தலாம், வளைவுக்குள் முந்தினால் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நேரம் அளக்கும் கருவி எங்கள் குழுவில் கூடாது. அது இருந்தால் ஆள் வளைவைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறான் என்றார். அவர் சொன்னதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

அப்புறம் அந்தக் கேள்வி. "ஒரு ஆம்புலன்ஸ்தான் இருக்கும் மேடம், டாக்டரோட. அது கேட்டைத் தாண்டிப் போச்சுன்னா டிராக்கை மூடிடுவோம். திரும்பி வர்ற வரைக்கும் ஒரு வண்டி உள்ள போகாது. காசு கொடுத்த நேரம் போச்சுன்னு சண்டை போடுவாங்க. போடட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் இதையே மூணு தடவை கேக்கறீங்க?" என்றார்.

என்னவோ சொல்லிச் சமாளித்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

தம்பி ஆம்புலன்ஸுக்குக் காத்துக் கிடந்தது நாற்பது நிமிஷம்.

ஜனவரி 14, பொங்கல்

தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறான். பானையை இடது கையால் இறக்கப் போனவன் நிறுத்தி, வலது கையை மாற்றிக்கொண்டான். அம்மா பார்த்தாள், நானும் பார்த்தேன். யாரும் எதுவும் பேசவில்லை. டிராக் விஷயத்தை இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். முடியவில்லை.

ஜனவரி 16, வியாழன்

சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "ஓட்டறதுக்கு ரோடு இல்லையாடி உனக்கு?" ரோட்டில்தான் பயமே அம்மா என்றேன். எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது, மணல் கிடக்காது, எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். அப்பா இருந்திருந்தால் எனக்காகப் பேசியிருப்பார். சோழவரத்தில் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஒரு வருஷம்கூட விடாமல் போனவர். 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தபோது, இனிமேல் அசல் வளைவுகளில் பார்க்கலாம் என்று அவ்வளவு சந்தோஷப்பட்டாராம்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் மொட்டை மாடிக்கு வந்து, "யார் நடத்தறாங்க?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான்.

ஜனவரி 18, சனி

பக்கத்து வீட்டில் யாரோ அம்மாவுக்குப் பழைய செய்தியைக் காட்டியிருக்கிறார்கள். 2023ல் அதே டிராக்கில் இரண்டு பேர். ஜனவரியில் 59 வயதுக் கார் ஓட்டுநர், ஆகஸ்டில் 13 வயதுப் பையன், மோட்டார் சைக்கிளில். பதிமூன்று என்பதைத்தான் அம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அது பந்தயம், இது பந்தயம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தப் பையனின் அம்மாவுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆகப்போகிறது?

இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பணம் கட்டிவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

வாடகைக்குத் தோல் உடை எடுக்கப் போனேன். பெண்களுக்கான அளவில் இரண்டே இரண்டு. ஒன்று மேலும் கீழும் தனித்தனி, இடுப்பைச் சுற்றி ஜிப்பால் இணைப்பது. அரைகுறையாக ஜிப் இருந்தால் ஏற்கமாட்டார்கள், விழுந்து உரசும்போது மேலே ஏறிவிடும். முழுச் சுற்று இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து எடுத்தேன். போட்டால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, குனிந்தால்தான் சரியாக உட்காருகிறது. வண்டியில் உட்காரும் நிலைக்குத் தைத்தது. இடது தோளில் ஒரு கீறல், நாணய அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டே நின்றேன். கடைக்காரர், "அது சும்மா உரசல்தான், வேற எடுக்கட்டுமா?" என்றார். வேண்டாம், இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

மெக்கானிக் அண்ணன் கடையில் அரை நாள். ஓசூரில் பிறந்த என் அப்பாச்சி ஆர்ஆர் 310ஐ அவர் இவ்வளவு பொறுமையாகப் பார்த்து நான் கண்டதில்லை. முன் பிரேக் பேட் புதுசு. பிரேக் ஆயில் பழுப்பாக இருந்தது, புதிய டாட் 4 ஊற்றினார். ஈரம் சேர்ந்த பழைய ஆயில் சூட்டில் கொதிக்கும், லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அழுத்திப் பிடிப்பதால் அங்கேதான் தெரியும். செயின் தளர்வு, ஆயில் கசிவு, கைப்பிடி முனை எல்லாம் பார்த்தார். கண்ணாடிகளைக் கழற்றி துணியில் சுற்றிக் கொடுத்தார். "காத்தை இங்க குறைக்காத, அங்க போய் அவங்க சொல்ற அளவுக்கு வை. சூடாகும்போது ஏறும்."

காப்பீட்டுப் பத்திரத்தையும் உட்கார்ந்து படித்தேன். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அன்றைக்கு வண்டி உடைந்தால் என் காசுதான். தெரிந்துதான் போகிறேன்.

ஜனவரி 29, புதன்

குறைந்த விலைக்காரரிடமிருந்து பதில், 24 நாள் கழித்து. "ஆம்புலன்ஸ் இருக்கும் மேடம். கடைசி 2 இடம்." நிறுத்துவார்களா என்றுதானே கேட்டேன். இருக்கும் என்றால் என்ன பதில் இது? அன்றைக்கும் இருந்தது. இருந்ததுதான் வேறொருவரை ஏற்றிக்கொண்டு போனது.

பிப்ரவரி 2, ஞாயிறு

தம்பி அவனாகவே போன் செய்தான். டிராக்கில் காட்டும் கொடிகளைக் கேட்கிறேன், சொல்லு என்றான். மஞ்சள்? முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளும் சிவப்பும் கோடு கோடாக? தரை வழுக்கும். நீலம்? பின்னால் வேகமாக ஒருவர் வருகிறார், என் பாதையிலேயே போக வேண்டும், பதறி ஒதுங்கக் கூடாது. கறுப்பு? எனக்குத்தான், பிட்டுக்கு, அதாவது டிராக்கை ஒட்டி வண்டிகள் நிற்கும் இடத்துக்கு, வர வேண்டும். சிவப்பு? கையைத் தூக்கி, மெதுவாக, எல்லாரும் பிட்டுக்கு.

"சட்டுனு பிரேக் பிடிக்காத. பின்னால வர்றவன் கொடியைப் பார்த்திருக்க மாட்டான்."

சரிடா என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "அன்னிக்கு சிவப்பு காட்டவே இல்லக்கா. நான் புல்லுல கெடக்கறேன், பக்கத்துல வண்டிங்க போய்க்கிட்டே இருந்துச்சு."

அவன் வாயிலிருந்து இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 5, புதன்

3.717 கிலோமீட்டர், 12 வளைவு. படுத்துக்கொண்டே மனசுக்குள் சுற்றி வருகிறேன். ஏழாவதுக்கு அப்புறம் எப்போதும் தொலைந்துவிடுகிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

தம்பி ராத்திரி ரயிலில் வருகிறான். வர வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் ஆறு லிட்டர், உப்புக் கரைசல் பொட்டலம், டேப், காற்று அளக்கும் மானி, மாற்றுக் கையுறை, குடை. அம்மா கைப்பிடியில் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறாள்.

பிப்ரவரி 8, சனி

காலை 5 மணிக்குக் குட்டி யானையில் வண்டியை ஏற்றினோம். பலகை மேல் நானும் டிரைவரும் தள்ள, தம்பி பின்னால் வலது கையைக் கொடுத்தான். பூந்தமல்லி தாண்டும்போதே வெளுத்துவிட்டது.

வண்டிச் சோதனை: லீவரை அழுத்தினார், சக்கரத்தைத் தூக்கி ஆட்டினார், செயினை விரலால் தூக்கிப் பார்த்தார், விளக்குகள் மேல் டேப் ஒட்டச் சொன்னார். கறுப்புக் கயிற்றைப் பார்த்ததும், தளர்வாக எதுவும் இருக்கக் கூடாதுங்க என்று சொல்லி, அறுக்காமல் பொறுமையாக முடிச்சை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். உடைக்குள் வைத்திருக்கிறேன்.

கூட்டத்தில் 40 நிமிஷம் பேசினார்கள். கடைசியில், அன்றைக்குப் போனில் பேசியவர் என்னைப் பார்த்தாரோ என்னவோ, ஆம்புலன்ஸ் விஷயத்தை எல்லாருக்கும் சொன்னார்.

முதல் சுற்றுகள் பயிற்சியாளர் பின்னால், வரிசையாக. பிரேக் பிடிக்கும் இடத்தில் ஒரு கூம்பு, திரும்பும் இடத்தில் ஒன்று, உள்விளிம்பைத் தொடும் இடத்தில் ஒன்று. கூம்பைப் பார்க்காதே, அடுத்ததைப் பார் என்றார். இரண்டாவது தடவை உள்ளே போனபோது, நேர்ப்பாதை முடியும் முதல் வலது வளைவில் என் கண் தானாக அடுத்ததைத் தேடியது. வண்டி பின்னாலேயே வந்தது. அப்படி ஒரு அமைதி, ஹெல்மெட்டுக்குள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

11.20. நடுக் குழுவில் ஒருவர் விழுந்துவிட்டார். உடனே சிவப்புக் கொடி, கொடி காட்டுபவர்கள் நிற்கும் எல்லாப் போஸ்டிலும். வரிசையாக பிட்டுக்கு வந்துவிட்டார்கள். விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து கையைக் காட்டினார், தோள் எலும்பு போல. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்தது எங்கள் குழு. உடையை மாட்டி, வண்டியில் உட்கார்ந்தபடி இதை எழுதுகிறேன். பிட் வாசலில் சிவப்பு விளக்கு, குறுக்கே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு முன்னால் இருப்பவர், "சார், இருபது நிமிஷம் போச்சு" என்று சத்தம் போடுகிறார். குறுக்கே நிற்பவர் நகரவில்லை.

தம்பி சுவரோரம் நின்று யாருமில்லாத டிராக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மோர் வாங்கி வைத்திருந்தான், குடிக்கவில்லை.

11.52. இன்னும் சிவப்புதான்.