ஜித்தா கிடங்கில் வேலையும் தொழுகையும்

சவூதியில் நான் முதலில் சேர்ந்த நிறுவனத்தின் மேலாளர், வேலை ஓர் அமானத், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்று அடிக்கடி சொல்வார். மறுக்க முடியாத பேச்சுதான். ஆனால் சம்பளம் தள்ளிப்போகும் மாதங்களில்தான் அது அதிகம் கேட்கும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்லும் ஹதீஸ் (நபிமொழி) அப்போது மட்டும் அவர் நினைவுக்கு வராது.

2021 மார்ச்சில் சட்டம் மாறி, ஒப்பந்தம் முடிந்தவர் கஃபீலின் (விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியின்) சம்மதம் இல்லாமலே வேறு வேலைக்குப் போக வழி வந்தது. அப்படித்தான் ஜித்தாவில் இந்தச் சரக்குக் கிடங்குக்கு வந்தேன். இங்கே உபதேசம் கிடையாது. மேற்பார்வையாளர் சூடான்காரர், அதிகம் பேசமாட்டார்.

முன்பு இங்கே ஒருவர் எண்ணுவார், ஒருவர் கட்டுவார், ஒருவர் சீட்டு ஒட்டுவார். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னதும் எல்லாம் பாதியில் நிற்கும். எந்தப் பெட்டியில் தவறு வந்தாலும் பொறுப்பாளி யாரென்று தெரியாது. மேற்பார்வையாளர் அதைக் கலைத்தார். ஒரு ஆர்டரை எடுப்பதிலிருந்து லாரியில் ஏற்றுவது வரை இருவர் பொறுப்பு. எப்போது எதைச் செய்வது என்பதும் அவர்கள் முடிவு. தொழுகை நேரம் சூரியனோடு நகர்வது, நேர அட்டவணையோ நகராதது. அதனால் லாரிகளையே பிற்பகல் தொழுகையான அஸருக்கு முன், சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபுக்குப் பின் என்று பிரித்துவிட்டார். 'நம்ம சரக்கு' என்ற பேச்சை இங்கேதான் கேட்டேன்.

சிக்கல் ரமலானில்தான். சட்டப்படி முஸ்லிம்களுக்கு நாளுக்கு 6 மணி நேர வேலை. நேபாளத்து நண்பர்களுக்கு வழக்கமான 8 மணி நேரம். எங்கள் நோன்பின் பாரம் அவர்கள் தோளில் இறங்கினால் மனக்கசப்பு வராமல் இருக்குமா? மேற்பார்வையாளர் பளுவான சரக்கு ஏற்றும் வேலையை அனைவரும் இருக்கும்போதே முடித்து, மிஞ்சும் நேரத்தை இருப்புக் கணக்குக்கும் ஃபோர்க்லிஃப்ட் பயிற்சிக்கும் ஒதுக்கினார். அந்தப் பயிற்சியால் அவர்களில் சிலருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. நோன்பு வைத்த எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

தொடர்ந்து இரண்டு ஆண்டு வேலை பார்த்தவருக்கு ஹஜ் செய்ய, பணிக்காலத்தில் ஒரே முறை, 10 முதல் 15 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பழைய நிறுவனத்தில் பலர் அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். நிர்வாகம் அதை விசுவாசம் என்று நம்பியது. ஹஜ் முடிந்து வந்த கையோடு ராஜினாமாக் கடிதங்கள் போயின.

இந்தக் கிடங்கில் ஹஜ் முடித்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். மேற்பார்வையாளரை வேறு கிளைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு வந்த பிறகுதான், இருவர் இக்காமாவை (வசிப்பு அனுமதியை) வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.