பிறந்த நாடுன்னு ஒரு காலம்

2008ல ஷார்ஜால ஒரு கட்டுமான கம்பெனில ஹெச்ஆர் அசிஸ்டென்ட்டா இருந்தேன். பேரு தான் ஹெச்ஆர், வேலை என்னவோ பாஸ்போர்ட் காப்பி எடுக்குறது, போட்டோ பேக்ரவுண்ட் வெள்ளையா இருக்கான்னு பாக்குறது, காலைல மந்தூப் (கவர்மென்ட் ஆபீஸுக்கு அலையுற கம்பெனி ஆள்) கையில ஃபைலைக் கொடுத்துட்டு சாயங்காலம் அவர் திட்டிக்கிட்டே திருப்பிக் கொண்டு வர்றதை வாங்கி வெக்கிறது. இந்தியன், நேபாளி, பங்களாதேஷி ஃபைல்னா அஞ்சு நிமிஷம். பாலஸ்தீன்காரங்க ஃபைல் வந்தா தான் தலை சுத்தும், ஏன்னா நாலு பேரும் பாலஸ்தீன்னு தான் சொல்லுவாங்க, நாலு பேர் கையிலயும் நாலு தினுசுல பேப்பர் இருக்கும்.

அதுல மூத்தவர் ஒரு சிவில் இன்ஜினியர், நாங்க முஹந்திஸ்னு தான் கூப்பிடுவோம். ஜோர்டான் பாஸ்போர்ட், பிறந்த ஊர் லித், வருஷம் 1946. ஆபீஸ் எக்ஸெல்ல பிறந்த நாடுன்னு ஒரு காலம், அதை நிரப்பணுமேன்னு கூகுள்ல தேடினேன், லோட், இஸ்ரேல்னு வந்துச்சு, லித்தோட இப்போதைய பேர் லோட், அப்படியே அடிச்சு பிரிண்ட் எடுத்து கையெழுத்துக்கு அனுப்பிட்டேன். மனுஷன் பேப்பரோட நேரா என் டேபிளுக்கே வந்துட்டார். கத்தல. பென்சிலால இஸ்ரேல்ங்கிற அந்த ஒரு வார்த்தையை சுழிச்சுட்டு, "நான் 46ல பொறந்தேன், அது 48 மே 14ல பொறந்துச்சு, என்னை விட ரெண்டு வயசு சின்னது, அதுக்குள்ள நான் எப்படிப்பா பொறந்திருப்பேன்?"னு கேட்டார். எனக்கு காது சூடாயிடுச்சு.

அப்புறம் அவரே சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். சாவியோட நடுவுல ஓட்டை போட்ட ஒரு காசு, நம்ம பாட்டி டப்பால கிடந்த ஓட்டைக் காலணா மாதிரியே இருந்துச்சு. 10 மில், பிரிட்டிஷ்காரன் ஆட்சில பாலஸ்தீனத்துக்குன்னு 1927ல இருந்து அடிச்ச காசு. அரபி, இங்கிலீஷ், ஹீப்ரு மூணுலயும் பாலஸ்தீன்னு எழுதியிருக்கு, ஹீப்ருல மட்டும் பக்கத்துல அடைப்புக்குறி போட்டு ரெண்டு எழுத்து, அலெஃப், யோத். எரெட்ஸ் இஸ்ரேல், அதாவது இஸ்ரேல் தேசம்னு அர்த்தம் வர்ற சுருக்கம். "பாரு, சண்டை இந்த அடைப்புக்குறிக்குள்ளயே இருக்கு"ன்னார். 1917ல பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி பால்ஃபர் அங்க யூதர்களுக்கு ஒரு தாயகம்னு எழுதிக் கொடுத்ததுல இருந்து வளர்ந்தது, ஒரு விரல் நகத்தளவு இடத்துல உக்காந்திருந்துச்சு.

48 ஜூலைல லித், ரம்லா ரெண்டு ஊரு ஜனத்தையும் இஸ்ரேல் படை வெளியேத்துச்சு, அம்பதாயிரத்துக்கு மேல, கொளுத்துற வெயில்ல ரமல்லா பக்கம் நடந்தே போனாங்க. ஆர்டர்ல கையெழுத்து யிட்சாக் ராபின், பின்னாடி இஸ்ரேல் பிரதமரா 93ல பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தோட கை குலுக்கினாரே அவரே தான். முஹந்திஸுக்கு அப்ப ரெண்டு வயசு, அம்மா இடுப்புல இருந்திருக்கார், ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னு அவரே சொல்லுவார், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். விட்டுட்டு வந்த வீட்டுக்கு 1950ல ஒரு சட்டம் வந்துச்சு, இல்லாதவர் சொத்துன்னு. "நான் இங்க தானே இருக்கேன்"னு சிரிப்பார். அந்த ஊர் எதுன்னு தெரியாதவங்களுக்கு ஒரு அடையாளம் சொல்றேன், இன்னைக்கு இஸ்ரேலோட பெரிய ஏர்போர்ட், பென் குரியன், அந்த ஊர் வாசல்ல தான் இருக்கு. பிரிட்டிஷ் காலத்துல அதுக்குப் பேரே லிடா ஏர்போர்ட், லித்துக்கு இங்கிலீஷ்ல அது தான் பேர்.

அதுக்கப்புறம் தான் மத்த ஃபைலையும் வேற கண்ணோட பாத்தேன். 48ல ஏழு லட்சம் பேருக்கு மேல ஓடினாங்கன்னு படிப்போம், எந்தப் பக்கம் ஓடினாங்கங்கிறது பேரன் கையில பேப்பரா இருக்கு. டிராஃப்ட்ஸ்மேனோட தாத்தா லெபனான் போனவர், அவன் கையில அகதிகளுக்கான பயணப் பத்திரம். அங்க இவங்க இன்ஜினியர், டாக்டர், வக்கீலா வேலை பாக்க முடியாதாம், அதான் வளைகுடாவுக்கு வந்துட்டான். சர்வேயர் காஸா, எகிப்து கொடுத்த டாக்குமென்ட், அந்த எகிப்துக்குள்ள போகவே விசா வேணும், கேட்டப்ப நம்பவே இல்ல நான். 2008 டிசம்பர் 27, காஸால குண்டு விழ ஆரம்பிச்ச அன்னைக்கு அவன் சைட்டுக்கு வந்தான், லெவல் வெச்சு ரீடிங் சொல்லிக்கிட்டே இருந்தான், நடுநடுவுல போனை காதுல வெப்பான், எடுப்பான், திரும்ப ரீடிங்.

ஒண்ணு சொல்லணும், ஒரு பக்கக் கதையா முடிச்சிடக் கூடாது. 1938ல பிரான்ஸ்ல எவியான்ங்கிற ஊர்ல 32 நாடு கூடிப் பேசுச்சு, ஜெர்மனில இருந்து தப்பிக்கப் பாத்த யூதர்களை யார் எடுத்துக்கிறதுன்னு, அனேகமா எல்லாரும் கையை விரிச்சாங்க. அடுத்த வருஷமே பிரிட்டிஷ்காரன் பாலஸ்தீனத்துக்கு வர்ற யூதர்களுக்கு அஞ்சு வருஷத்துக்கு 75,000ன்னு கோட்டா போட்டான். அப்புறம் நாஜிகள் கையில 60 லட்சம் யூதர்கள் கொலை. விசா ரிஜெக்ட் ஆன ஃபைலை தினம் கையில வாங்குறவனுக்கு இது வயித்தைப் பிசையும். இதை முஹந்திஸ்கிட்டயே சொன்னேன். "அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து நான் போடலையே"ன்னார். நான் என்ன பதில் சொல்ல.

2011ல அவருக்கு 65, கம்பெனி விசாவைப் புதுப்பிக்கல. செட்டில்மென்ட் ஃபார்ம் நான் தான் நிரப்பினேன், கணக்கெல்லாம் முடிஞ்சு கடைசில தாய்நாட்டுக்கு டிக்கெட், எந்த ஏர்போர்ட்னு ஒரு கட்டம். இந்த தடவை கூகுள் பக்கம் போகாம அவர்கிட்டயே கேட்டேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "எங்க ஊர்ல பெரிய ஏர்போர்ட் இருக்கேப்பா, அங்கேயே போடு"ன்னார். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஜோர்டான் தலைநகர் அம்மான் பேரை அடிச்சு பிரிண்ட் எடுத்தேன், படிச்சுப் பாக்காமலே கையெழுத்துப் போட்டார்.