மரச்சீனி, மீன்கறி, எல்லையில் நிற்கும் சர்க்கரை

வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 முதல் 125 வரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை; நீரிழிவுக்கு முந்தைய எல்லை இது. இந்த இடைவெளியில் ஆண்டுக்கணக்காக நிற்கிறவர்கள் குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். "சாப்பாட்டைப் பாத்துக்கோங்க" என்று சொல்லி மருத்துவர் அனுப்பிவிடுவார். எதை, எவ்வளவு என்பதுதான் சொல்லப்படாமல் போகிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்து அதை நிறுத்திவிட வேண்டாம், இது அவர்களுக்கானதல்ல.

சாயாவில் சீனியை நிறுத்தியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நம் ஊரில் சிக்கல் இனிப்பில் மட்டும் இல்லை. காலையில் புட்டும் பழமும், மதியம் சோறு, சாயங்காலம் மரச்சீனி எனும் மரவள்ளிக்கிழங்கு, இரவில் திரும்பவும் சோறு. எல்லாமே மாவுச்சத்து.

100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து என்றால், அதே எடைப் பச்சை மரச்சீனியில் சுமார் 38 கிராம். "கிழங்குதானே" என்று சோற்றுக்கு மேலே தின்பது இரட்டைச் சுமை. கிழங்கு தின்கிற வேளையில் சோறு வேண்டாம். 150 கிராம் கிழங்கு, கூடவே சாளை மீன் புளிமுளமோ நெத்திலி மீன் அவியலோ தாராளமாக, ஒரு கை கீரைத் துவரன் (பொரியல்). அது முழுச் சாப்பாடு. புட்டில் பழத்தைப் பிசைவதை விட்டு, வழக்கமான புட்டில் பாதியும் ஒரு கப் கடலைக்கறியும் வைத்துக்கொள்ளுங்கள். கடலையிலுள்ள புரதமும் நாரும் செரிமானத்தை மெதுவாக்கும். சர்க்கரை ஒரேயடியாக ஏறாது. நன்றாகப் பழுத்த ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) ஒன்று முழுதாகத் தின்றால் அது ஒரு வேளைச் சோற்றுக்குச் சமம், பாதி போதும்.

கருப்பட்டி நல்லது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமானது. ஆனால் அதில் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சுக்ரோஸ். பதநீர் ஒரு டம்ளரிலும் 20 கிராமுக்குக் குறையாத சர்க்கரை இருக்கும்.

நடை எப்போது என்பதும் முக்கியம். விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டிவிட்டு வந்தவர், வேலை செய்தாயிற்று என்று மதியம் சாப்பிட்டதும் சாய்ந்துவிடுகிறார். சர்க்கரை ஏறுவது அந்த நேரத்தில்தான். சாப்பிட்டு அரைமணிக்குள் 15 நிமிடம் நடந்தால், வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமல் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 7 விழுக்காடு குறைப்பது இலக்கு; 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரை முதல் ஐந்து கிலோ. இதெல்லாம் வெறும் ஆறுதல் பேச்சல்ல. 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் திருத்தியவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 28 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தும் அதற்குமேல் பலன் கூடவில்லை.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் மீட்டரை நம்புவதற்கும் அளவுண்டு. உண்மை அளவு 110 என்றால் 94 முதல் 126 வரை எது காட்டினாலும் மீட்டர் தரத்துக்குள்தான் இருக்கிறது. பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் பொய்யாகக் கூடுதல் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்தபின் குத்துங்கள். கடலோர ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்துபோட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ள பெண்களுக்கு ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்தே பாருங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகப் பரிசோதனை கட்டாயம். வெறும் வயிற்றில் 126 அல்லது ஹெச்பிஏ1சி 6.5, இரண்டு தனிப் பரிசோதனைகளில் வந்தால் அது நீரிழிவு. மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசும் நேரம். கர்ப்பக்காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீசிங்குக்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாட்களில் அளவு எகிறும். முடித்துச் சில வாரம் கழித்துப் பார்த்தால்தான் நிலை தெரியும். தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைதல் என்று வந்தால் ஆண்டுப் பரிசோதனை வரை காத்திராமல் அன்றே போய்ப் பாருங்கள்.