170 டச் வெள்ளி

அரை கிலோ கொலுசில் சுத்த வெள்ளி 850 கிராம் என்று திரையில் வந்தது. “தம்பி, கொலுசை விட வெள்ளி அதிகமாக இருக்கிறதே” என்றார் கடை முதலாளி.

1990களின் நடுவில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடைக்கு டாஸ் இயங்குதளத்தில் அசெம்பிளி மொழியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டறைகளிலிருந்து வரும் எடைகள் தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். நிரலின் பெயரை அடித்து, கோப்பு வகையையும் டச்சையும், அதாவது நூற்றில் எத்தனை பங்கு வெள்ளி என்பதையும், பக்கத்தில் கொடுத்தால் போதும். அன்று கொடுத்தது 75 டச். வர வேண்டியது 375 கிராம்.

இரவு, நிரல் ஓடும்போது நினைவகத்தைப் பார்க்க உதவும் டீபக் கருவியுடன் உட்கார்ந்தேன். நிரல் பெயருக்குப் பின்னால் நாம் அடிப்பதை டாஸ், நினைவகத்தில் நிரலுக்கு முன்னால் இருக்கும் முன்னொட்டுப் பகுதியில் வைக்கிறது. பதினாறடிமான எண்ணில் 80ஆம் பைட்டில் நீளம், 81 முதல் எழுத்துகள், கடைசியில் என்டர் குறி. தொடங்கும்போது 88லும் 89லும் 7, 5 இரண்டும் சரியாகவே இருந்தன. கோப்பைத் தேடும் அழைப்பு முடிந்ததும் அதே இடத்தைப் பார்த்தேன். 81 முதல் 88 வரை, எந்தக் கோப்புப் பெயரும் பொருந்தும் என்பதற்கான எட்டுக் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. அடுத்து டி, ஏ, டி (DAT) என்ற கோப்பு வகை.

தேடலின் விவரங்களை எழுதிக்கொள்ள டாஸ் தானாக எடுத்துக்கொள்வதும் அதே 80ஆம் பைட்டில் தொடங்கும் இடத்தைத்தான். நான் முதல் சொல்லை எடுத்துத் தேடலைத் தொடங்கிவிட்டு, இரண்டாவதைப் பிறகு படித்திருந்தேன். எழுத்தை எண்ணாக்க, அதன் குறி மதிப்பிலிருந்து ‘0’ என்ற எழுத்தின் குறி மதிப்பை நிரல் கழிக்கும். கேள்விக்குறியில் கழித்தால் 15. அடுத்த ‘டி’யில் (D) கழித்தால் 20. 15ஐப் பத்தால் பெருக்கி 20 கூட்டினால் 170. காகிதத்தில் அந்த 170 வந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது. குப்பை மதிப்பு என்று அதுவரை நினைத்த ஒன்றுக்கு இவ்வளவு ஒழுங்கான காரணம் இருந்தது. முழு வரியையும் முதலிலேயே வேறிடத்துக்கு நகலெடுத்ததும் கணக்கு நேரானது.

போன மாதம் ஐந்து ரோடு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, “சார், எண்ணிக்கையே தப்பாக வருகிறது” என்று லினக்ஸ் நிரலைக் காட்டினாள். 64 பிட் லினக்ஸில் நிரல் தொடங்கும்போது, மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கின் உச்சியில், அடித்த சொற்களின் எண்ணிக்கை, 8 பைட் தள்ளி நிரல் பெயரின் முகவரி, 16இல் முதல் சொல்லின் முகவரி; பட்டியல் சுழியத்தில் முடியும். கிடைப்பது முகவரிதான், எழுத்து அல்ல; அது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பழக்கத்தில் முதல் வரியிலேயே ஆர்பிபி என்ற செயலிப் பதிவகத்தின் மதிப்பை ஸ்டாக்கில் தள்ளியிருந்தாள். எல்லாமே 8 பைட் நகர்ந்துவிட்டன.

நான் விடையைச் சொல்லவில்லை. லினக்ஸில் டீபக் போல உதவும் ஜிடிபியைத் திறந்து, அந்த வரிக்கு முன்பும் பின்பும் ஸ்டாக்கின் உச்சியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தவள், என்னிடம் எதுவும் பேசாமல் அந்த வரியை மூன்று வரி கீழே இறக்கினாள்.