திரும்பத் திரும்பக் காணாமல் போன ஐகான்

"ஏம்மா, படம் சரி பண்ற ப்ரோகிராமைக் காணோம்மா. நேத்து ராத்திரி வரைக்கும் இருந்துச்சு" என்று அப்பா போனில் சொன்னபோது அவர் குரலே சரியில்லை.

ஆறு மாதமாக அப்பா பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து, கிம்ப் மென்பொருளில் சரிசெய்து வருகிறார். அன்று அவர் கையில் இருந்தது என் பாட்டியின் படம். பாட்டிக்கு இருப்பதே அந்த ஒரு படம்தான். யாரோ இரண்டாக மடித்து வைத்திருந்ததில் கன்னத்தின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. பக்கத்து இடத்தை நகலெடுத்து ஒட்டும் குளோன் டூலை வைத்து அந்தக் கோட்டைப் புள்ளி புள்ளியாக மறைத்துக்கொண்டு வந்தார், கண் வரை வந்திருந்தது. ஐகான் போனதும் அத்தனை வேலையும் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார்.

நான் முதலில் சொன்னது, "அப்பா, எதையும் புதுசா இன்ஸ்டால் பண்ணாதீங்க, எதையும் அழிக்காதீங்க" என்பதுதான். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட் ஒரு வழிகாட்டிப் பலகை மாதிரி. ஒன்றிரண்டு கேபி அளவே உள்ள சின்னக் கோப்பு. அதன் பெயர் எல்என்கே (.lnk) என்று முடியும், ஆனால் விண்டோஸ் அந்த முடிவைக் காட்டவே காட்டாது. ப்ரோகிராம் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் அதற்குள் இருக்கும். பலகையைப் பிடுங்கினாலும் வீடு அங்கேயேதான் இருக்கும். இதை அவருக்குச் சொல்லி அமைதிப்படுத்தவே பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடம் தேவைதான். பதற்றத்தில் கைபோன போக்கில் கிளிக் செய்தால்தான் உண்மையிலேயே ஏதாவது தொலைந்து போகும்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மற்ற ஐகான்கள் இருக்கின்றனவா? இருக்கின்றன. அப்படியென்றால் ரைட் கிளிக், வியூவில் உள்ள 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' டிக் போன கதை இல்லை, அது போனால் எல்லாமே மறைந்துவிடும். பெயர் வரிசைப்படி அடுக்கச் சொன்னேன், வேறு ஐகானுக்கு அடியிலும் இல்லை. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. தவறுதலாக டெலிட் அழுத்தியிருந்தால் அங்கேதான் கிடந்திருக்கும்.

ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. செட்டிங்ஸ் போய் இன்ஸ்டால் செய்த ப்ரோகிராம்களின் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். அதிலும் இல்லை. இப்போது எனக்கே திக்கென்றது. ப்ரோகிராமே போய்விட்டதோ?

கொஞ்சம் யோசித்த பிறகுதான் நினைவு வந்தது. இரண்டு வருடம் முன்பு அந்தக் கணினியின் சி டிரைவில் இடம் போதாமல், கிம்ப்பின் போர்ட்டபிள் பதிப்பை, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் பதிப்பை, நானே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருந்தேன். போர்ட்டபிள் பதிப்பு ஸ்டார்ட் மெனுவில் தன் பெயரைப் பதியாது, பட்டியலிலும் சேராது. அதைத் திறக்க அப்பாவுக்கு இருந்த ஒரே வழி அந்த டெஸ்க்டாப் ஷார்ட்கட்தான்.

"ஹார்ட் டிஸ்க் சொருகியிருக்காப்பா?"

"இப்பதாம்மா சொருகினேன்."

இந்தப் பதிலை அப்போது நான் கவனிக்கவில்லை.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த ஹார்ட் டிஸ்க்கான ஈ டிரைவைத் திறந்து, கிம்ப் ஃபோல்டருக்குள் போய், ப்ரோகிராம் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்', அதில் 'சென்ட் டு', அதில் 'டெஸ்க்டாப்' என்று ஒவ்வொரு படியாகச் சொன்னேன். விண்டோஸ் 11-ல் 'சென்ட் டு' அந்த இரண்டாவது மெனுவுக்குள் ஒளிந்திருப்பதால் பலர் அதைத் தேடி அலைகிறார்கள். "வந்துடுச்சும்மா!" என்றார். பாட்டி படமும் பத்திரமாக இருந்தது. சரி, முடிந்தது என்று போனை வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை மறுபடி போன். "மறுபடியும் காணோம்மா."

ஒரு ஷார்ட்கட் ஒருமுறை போனால் கைதவறல் என்று விட்டுவிடலாம். இரண்டாம் முறையும் போனால் அதை யாரோ எடுக்கிறார்கள் என்று அர்த்தம். இம்முறை நான் வேறு மாதிரி கேட்டேன். இது ஒன்றுதான் போயிற்றா, கூட வேறு ஏதாவது போயிருக்கிறதா என்று நிதானமாகப் பார்க்கச் சொன்னேன். அப்பா ஒவ்வொரு ஐகானின் பெயரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். படங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு அவர் வைத்திருந்த ஷார்ட்கட்டும் இல்லை. பாட்டி படத்துக்கு நேராகப் போக வைத்திருந்ததும் இல்லை. மூன்றும் சுட்டிய இடம் ஒன்றே, அந்த ஹார்ட் டிஸ்க்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. விண்டோஸ் 7-ல் இப்படி ஒரு வழக்கம் உண்டு. டெஸ்க்டாப்பில் நான்குக்கு மேல் உடைந்த ஷார்ட்கட்கள் இருந்தால், வாரம் ஒருமுறை ஓடும் பராமரிப்பு வேலை அவற்றை நீக்கிவிடும். இணைப்பில் இல்லாத நெட்வொர்க் டிரைவைச் சுட்டுவதும் அதன் கணக்கில் உடைந்ததுதான். அப்பாவின் கணினி விண்டோஸ் 11. ஆனால் அதே நியாயத்தில் வேலை செய்யும் ஏதோ ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

சனிக்கிழமை நேரில் போனேன். ஊகத்தை வைத்து எதையும் மாற்ற எனக்கு மனமில்லை, அதனால் சின்னதாக ஒரு சோதனை. இரண்டு ஷார்ட்கட் உருவாக்கினேன். ஒன்று ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கிம்ப்புக்கு, மற்றொன்று சி டிரைவில் உள்ள நோட்பேடுக்கு. ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். டெஸ்க்டாப் வந்தது, இரண்டும் இருந்தன. அப்பாவும் நானும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, எங்கள் கண் முன்னாலேயே கிம்ப் ஐகான் மறைந்தது. நோட்பேடு அசையவில்லை. அடுத்து, புதிதாக ஒரு ஷார்ட்கட் போட்டு, ஹார்ட் டிஸ்க்கைச் சொருகியபடியே ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டும் அப்படியே இருந்தன.

டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைத் திறந்தால், கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்று உட்கார்ந்திருந்தது. கணினி மெதுவாக ஓடுகிறது என்று யாரோ சொல்லி அப்பா அதைப் போட்டிருக்கிறார். கணினி எழுந்ததும் அது தானாக ஓடி, தற்காலிகக் கோப்புகளோடு சேர்த்து 'செல்லாத ஷார்ட்கட்'களையும் நீக்குகிறது. என்னென்ன நீக்கியது என்று அது எழுதி வைக்கும் பட்டியலில் மூன்று பெயர்களும் தேதி வாரியாக இருந்தன. ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பாமல் நேரடியாக அழிப்பதால்தான் அங்கே தடயமே இல்லை.

அப்பாவின் பழக்கம் என்னவென்றால், கணினியைப் போட்டுவிட்டு, மின்னஞ்சல் பார்த்து முடித்த பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகுவார். முந்தைய இரவு அதைக் கழற்றாமல் விட்ட நாட்களில் ஐகான் தப்பித்திருக்கிறது. சுத்தம் செய்யும் மென்பொருள் பார்க்கும் நேரத்தில் ஈ டிரைவே இல்லை, ஆகவே அதன் கணக்கில் அது பொய் முகவரி. உண்மையில் அவர் ஒரு தவறும் செய்யவில்லை. இதை அவரிடம் தனியாகச் சொன்னேன். "நான்தான் எதையோ அமுக்கித் தொலைச்சுட்டேன்னு நெனச்சேன்" என்று இத்தனை நாளும் மனதில் வைத்துக் குமைந்திருக்கிறார்.

சரிசெய்தது சுலபம். அந்த மென்பொருளில் ஷார்ட்கட் நீக்கும் டிக்கை எடுத்தேன், தானாக ஓடுவதையும் நிறுத்தினேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்ததில் சி டிரைவில் வேண்டிய இடம் கிடைத்தது, கிம்ப்பை அங்கேயே முறையாக இன்ஸ்டால் செய்தேன். இப்போது அது ஸ்டார்ட் மெனுவிலும் கிடைக்கும், பாதியில் நிற்கும் வேலையைக் கிம்ப் சேமித்து வைக்கும் எக்ஸ்சிஎஃப் கோப்பை டபுள் கிளிக் செய்தாலும் நேராகத் திறக்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு டிஸ்க் மேனேஜ்மென்டில் எக்ஸ் என்று எழுத்து கொடுத்தேன். ஈ, எஃப் போன்ற முன்வரிசை எழுத்தாக இருந்தால், முதலில் சொருகும் பென் டிரைவ் அதைப் பிடித்துக்கொள்ளும், அப்போது எல்லா முகவரியும் தப்பாகிவிடும்.

ஒரு கணினியில் இரண்டு பேர் தனித்தனி அக்கவுன்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் திரையில் பார்க்கும் டெஸ்க்டாப் இரண்டு ஃபோல்டர்களின் கலவை. ஒன்று நம் பெயரில் இருப்பது, மற்றொன்று யூசர்ஸ் ஃபோல்டருக்குள் 'பப்ளிக்' என்பதன் கீழ் எல்லாருக்கும் பொதுவாக மறைந்திருப்பது. பொது ஃபோல்டரில் இருக்கும் ஐகானை ஒருவர் நீக்கினால் மற்றவருக்கும் போய்விடும். எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை, ஆனாலும் அன்று அதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கிளம்பும் முன் அப்பாவுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுத்தேன். ஷார்ட்கட்டின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் 'டார்கெட்' என்ற வரி. அந்த வரிதான் முகவரி. ஒரு நோட்டில் முக்கியமான ஷார்ட்கட்கள் ஐந்துக்கும் அந்த வரியைத் தன் கையெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

போன வாரம் பாட்டி படத்தை அனுப்பியிருந்தார். கன்னத்துக் கோடு எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தேன், தெரியவில்லை.