கத்தி மட்டும் மிஞ்சிய சடங்கு: காம்பியா நாட்குறிப்பு

2024 மார்ச் 5, செவ்வாய்

பெண்ணுறுப்புச் சிதைப்பைத் தடைசெய்யும் சட்டத்தை நீக்கக் கோரும் சட்டமூலம் ஒன்று நேற்று காம்பியத் தலைநகர் பஞ்சுலில் தேசிய சபையில் முன்வைக்கப்பட்டது. முன்வைத்தவர் அல்மாமே கிபா என்னும் உறுப்பினர். முஸ்லிம்கள் மிகப் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், சமயத்தையும் பண்பாட்டையும் பின்பற்றும் உரிமையை இந்தத் தடை பறிக்கிறது என்பது அவருடைய வாதம். தடை வந்தது 2015இல். வெட்டுபவருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 50,000 டலாசி தண்டம் அல்லது இரண்டும், சிறுமி இறந்துவிட்டால் ஆயுள் சிறை என்று அது விதிக்கிறது.

செரக்குண்டாவில் மருத்துவமாதுப் பயிற்சி மாணவியருக்கு நான் பாடம் நடத்தத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இன்றைய வகுப்பில் அரை மணி நேரம் இந்தப் பேச்சிலேயே போயிற்று. 15 முதல் 49 வயது வரையான காம்பியப் பெண்களில் 73 விழுக்காட்டினர் வெட்டப்பட்டவர்கள் என்பதால், என் முன்னால் இருப்பவர்களில் எத்தனை பேர் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "மேடம், நீங்களும் முஸ்லிம்தானே, உங்கள் நாட்டில் இது உண்டா?" என்று கேட்டாள். ஆசியாவிலும் சில இடங்களில் உண்டு என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். கிழக்கிலங்கையில் பிறந்த ஒருத்தி அப்படிச் சொல்லித் தப்பிப்பது வெட்கக்கேடு என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

2024 மார்ச் 9, சனி

மகளிர் நாளை ஒட்டி யுனிசெஃப் புதிய கணக்கை வெளியிட்டிருக்கிறது. உலகில் இன்று உயிரோடிருக்கும் பெண்களில் 23 கோடிக்கும் மேற்பட்டோர் வெட்டப்பட்டவர்கள். ஆபிரிக்காவில் 14.4 கோடி, ஆசியாவில் 8 கோடி, மத்திய கிழக்கில் 60 இலட்சம். தீங்கான மரபுகள் நவீன ஆபிரிக்காவில் நீடிக்கலாமா என்று கேட்பவர்கள், ஆபிரிக்கா அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது போலவே பேசுகிறார்கள். ஆபிரிக்க ஒன்றியம் பெண்களின் உரிமைகளுக்காக 2003இல் ஏற்ற மபுத்தோ நெறிமுறையின் ஐந்தாம் பிரிவு இந்த வழக்கத்தைப் பெயர் சொல்லியே தடைசெய்யக் கோருகிறது. காம்பியாவிலேயே இசத்து துரே போன்ற பெண்கள் 1984 முதல் ஊர் ஊராகப் போய் இதைப் பற்றிப் பேசி வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்தது என்ற பேச்சு அந்தப் பெண்களின் நாற்பது ஆண்டு உழைப்பை ஒரே வரியில் அழித்துவிடுகிறது.

மாணவிக்குச் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் ஊரில் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாளுக்குள் ஒஸ்தா மாமி வருவாள். கதவைச் சாத்திவிட்டு, கத்னா என்று அடங்கிய குரலில் சொல்லப்படும் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். எனக்கும் அது நடந்தது என்பதை இருபத்திரண்டாவது வயதில், பயிற்சிக் காலத்தில்தான் அறிந்தேன். உம்மாவிடம் கேட்டபோது, "ஒரு சொட்டு இரத்தந்தானே மகள்" என்றார். 2018இல் இலங்கைச் சுகாதார அமைச்சு, மருத்துவர்கள் இதைச் செய்யலாகாது என்று சுற்றறிக்கை விட்டது. ஒஸ்தா மாமிமாருக்கு யார் சுற்றறிக்கை அனுப்புவது?

2024 மார்ச் 18, திங்கள்

சட்டமூலம் இரண்டாம் வாசிப்பைத் தாண்டிக் குழுவின் ஆய்வுக்குப் போகிறது. சார்பாக 42 வாக்குகள், எதிராக 4. மொத்தம் 58 உறுப்பினர் கொண்ட சபையில் பெண்கள் ஐவர்.

நோன்பு திறக்கும் நேரத்தில் எங்கள் வளவின் மூத்தம்மா வானொலியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். மண்டிங்கா இனத்தவர், எழுபது வயதைத் தாண்டியவர், எனக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று இரவு என் அருகில் உறங்காமல் இருந்தவர். வாக்கு விவரம் கேட்டதும், "ஜமே கொண்டுவந்தது ஜமேயோடே போகட்டும்" என்றார். இந்தச் சொல்லைச் சந்தையிலும் கேட்டிருக்கிறேன். தடையை 2015 நவம்பரில் அறிவித்தவர் யஹ்யா ஜமே. இருபத்திரண்டு ஆண்டுகள் நாட்டைத் தன் விருப்பப்படி ஆண்டு, 2017 ஜனவரியில் எக்குவத்தோரியல் கினிக்கு ஓடியவர். அவர் ஒரு நாள் இரவில் அறிவித்தார், அடுத்த மாதம் சட்டமாயிற்று. ஊர்களில் யாரும் கூடிப் பேசவில்லை, ஏனென்றால் அந்நாளில் எதைப் பற்றியும் யாரும் கூடிப் பேச முடியாது. நல்ல சட்டத்தை ஒரு கொடுங்கோலன் பிறப்பித்தால், அவன் போன பிறகு அந்தச் சட்டம் அவனுடைய செருப்பைப் போல வாசலில் கிடக்கிறது. மக்கள் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடுகிறார்கள்.

எட்டாண்டுகள் அது ஏட்டில்தான் இருந்தது. கடந்த ஆகஸ்டில் நியானிப் பகுதியில் கைக்குழந்தைகள் எண்மரை வெட்டியதற்காக மூன்று பெண்கள் முதன்முறையாகக் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, ஆளுக்கு 15,000 டலாசி தண்டம் அல்லது ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. புகழ்பெற்ற இமாம் ஒருவர் முன்னின்று தண்டத்தைக் கட்டினார். இன்றைய சட்டமூலம் அந்தத் தீர்ப்பின் எதிரொலி. சட்டம் தூங்கிக்கொண்டிருந்த காலமெல்லாம் யாருக்கும் அதன்மேல் கோபமில்லை.

2024 மார்ச் 31, ஞாயிறு

நாளைய பாடத்துக்கான குறிப்பு. உலக சுகாதார நிறுவனம் ஆறு ஆபிரிக்க நாடுகளில் 28,393 பிரசவங்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவுகள்: வெட்டு எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு அறுவைப் பிரசவமும், பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கும், சிசு மரணமும் கூடுகின்றன. காம்பியா அந்த ஆறில் இல்லை. ஆனால் தழும்பேறிய தசை விரியாமல் கிழிவதைக் காண்பதற்கு என் மாணவியருக்கு ஆய்வறிக்கை தேவையில்லை. பிரசவ விடுதியில் ஒரு வாரம் நின்றால் போதும்.

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

ஆற்றின் மேற்பகுதியில், இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜஞ்சன்புரேக்குப் போய் வந்தோம். கங்குராங் பற்றி விளக்கும் ஒரு சிறு காட்சியகம் அங்கே இருக்கிறது. கங்குராங் என்பது மண்டிங்காச் சிறுவர்களின் விருத்தசேதனச் சடங்கில் தோன்றும் முகமூடி உருவம். ஃபாரா என்னும் மரத்தின் பட்டையையும் சிவந்த நாரையும் உடலெங்கும் போர்த்து, இரண்டு வெட்டுக்கத்திகளைச் சுழற்றிக் கீச்சிட்டுக்கொண்டு அது ஆடி வரும்போது பேய் பிசாசு அகலும் என்பது நம்பிக்கை. 2005இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் அரும்பெரும் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. சிறுவர்கள் காட்டுக்குள் வாரக்கணக்கில் தங்கி, மூலிகை, வேட்டை, பெரியோரிடம் பேசும் முறை, இனத்தின் இரகசியங்கள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு திரும்பிய காலம் ஒன்று இருந்தது. இப்போது நகர்ப்புறங்களில் பையன்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே விருத்தசேதனம் செய்துவிடுகிறார்கள். கங்குராங் தெருவில் ஆடுவது நிற்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு இதே யோசனை. சிறுவர்களின் சடங்கில் வெட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, பாட்டும் ஆட்டமும் தெருவில் நிலைத்துவிட்டன, அதை உலகமே வந்து பாதுகாக்கிறது. சிறுமிகளின் சடங்கில் எது மிஞ்சியது, எது போயிற்று?

2024 மே 12, ஞாயிறு

மேற்படி கேள்விக்கு இன்று விடை கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

பழைய மாணவி ஒருத்தி தன் பெரிய தாயைக் காண அழைத்துச் சென்றாள். அவர் முப்பதாண்டுக்கும் மேலாக ஙான்சிம்பாவாக இருந்தவர். ஙான்சிம்பா என்றால் வெட்டுபவள் என்று மட்டும் பெயர்த்தால் பாதிதான் வரும். சிறுமிகளின் காவலி, ஆசிரியை, காட்டில் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவள், பேயிடமிருந்து காத்தவள் எல்லாம் அவள்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறு பல ஙான்சிம்பாக்களோடு சேர்ந்து ஊர்க் கூட்டத்தில் கத்தியைக் கீழே போட்டவர் இவர். அத்தாயா என்னும் தேநீரை மூன்றாம் முறை காய்ச்சி ஊற்றும் வரை அவர் பேசியதெல்லாம் கத்தியைப் பற்றியன்று, பாட்டைப் பற்றித்தான். ஒரு பருவத்துச் சிறுமிகள் இருபது முப்பது பேர் ஒன்றாகப் போவார்களாம். எட்டு, பத்து வயது இருக்குமாம். மாமியாரிடம் எப்படிப் பேசுவது, கணவன் அடித்தால் யாரிடம் போவது, மாதவிலக்குத் துணியை எங்கே உலர்த்துவது என்பதெல்லாம் பாட்டாகவே கற்பிக்கப்பட்டதாம். திரும்பி வரும் நாளில் புதுத்துணியும் விருந்தும் உண்டு. ஙான்சிம்பாவுக்குத் துணி, அரிசி, சவர்க்காரம், காசு. அந்த இருபது பேரும் சாகும் வரை ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்கள்.

இப்போது என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். இப்போது கைக்குழந்தையைத்தான் வெட்டுகிறார்கள். அதற்கு என்ன பாட்டைச் சொல்லிக் கொடுப்பது?

அவர் சொன்னது உண்மைதான். பெரும்பாலான சிறுமிகளுக்கு ஐந்து வயதுக்கு முன்பே இது நடந்து முடிந்துவிடுகிறது என்று நாட்டின் ஆய்வுகளே காட்டுகின்றன. பள்ளிக்கூடம் வந்து நாள்கள் குறைந்தன, செலவு கூடியது, பிறகு சட்டத்துக்கு அஞ்சிக் காரியம் கதவுக்குள் போயிற்று. கூடிப் போன காடும், பாட்டும், விருந்தும், தோழமையும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் மிஞ்சியிருப்பது கத்தி ஒன்றுதான். சபையில் பண்பாட்டைக் காக்க வேண்டும் என்று முழங்குபவர்கள் அந்தப் பாட்டில் ஒன்றையாவது திரும்பக் கொண்டுவரச் சட்டமூலம் எழுதவில்லை. எங்கள் ஊரில் கத்னாவுக்குப் பாட்டு என்றாவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் பிறந்தபோது அதுவும் சாத்திய கதவும் ஒரு சவர அலகுமாகத்தான் இருந்தது.

என் நிலையை மறைக்காமல் எழுதுகிறேன். வெட்டு நீடிக்கக் கூடாது, அதன் எந்த வகையும், ஒரு சொட்டு இரத்தம் என்று சொல்லப்படுவதும் உட்பட. ஆனால் அந்த மூதாட்டியின் பாட்டுகளை யாராவது இன்றே எழுதி வைக்க வேண்டும். கத்தியைப் போட்ட அன்று அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்களாம். பாட்டை யாரும் கேட்கவில்லையாம்.

2024 ஜூன் 20, வியாழன்

தொபாஸ்கி என்னும் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வளவெங்கும் ஆட்டுத்தோல் காய்கிறது. மூத்தம்மாவின் மருமகளுக்குச் சென்ற மாதம் பெண் குழந்தை பிறந்தது. மருமகள் வொலொஃப் இனத்தவள். அதே மார்க்கம், அதே பள்ளிவாசல், அதே தெரு. ஆயினும் வொலொஃப் மக்களிடையே வெட்டப்பட்ட பெண்கள் மிகக் குறைவு. மண்டிங்கா, செராஹுலே இனங்களில் மிக அதிகம். மார்க்கம் கட்டளையிட்டது என்போர் முதலில் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். கெய்ரோவின் அல்-அஸ்ஹர் அறிஞர்களே 2007இல் இதற்கு ஷரீஆவில் அடிப்படை இல்லை என்று அறிவித்ததை நான் மூத்தம்மாவிடம் சொன்னேன். கெய்ரோவில் மண்டிங்கா இருக்கிறார்களா என்று கேட்டார்.

மருமகளைச் சமையற்கட்டில் மற்றப் பெண்கள் சில வேளை "சோலிமா" என்று அழைத்துச் சிரிப்பார்கள். வெட்டப்படாதவள், அதனால் முறை தெரியாதவள், இன்னும் குழந்தை என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். இப்படி மணமாகி வந்து, கேலி தாளாமல் வளர்ந்த பிறகு தாமாகவே வெட்டிக்கொண்ட பெண்களும் இந்நாட்டில் உண்டு. தாய்மார் கொடியவர்களாக இருப்பதால் இது நடக்கிறது என்று நினைப்பவர்கள் இந்தச் சமையற்கட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு தாய் மட்டும் தனியாக இந்த வழக்கத்தைக் கைவிட்டால், அவள் மகள்தான் அந்தச் சொல்லைச் சுமக்க வேண்டும்.

செனகலில் 1997இல் மலிகுந்தா பம்பாரா என்ற ஊரின் பெண்கள் வெட்டைக் கைவிட்டதாக ஊரறியச் சொன்னார்கள். அதற்குப் பிறகு டெம்பா ஜவாரா என்ற இமாம், பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து விட்டாலன்றி ஓர் ஊர் மட்டும் விட முடியாது என்று கண்டு, ஊர் ஊராகக் கால்நடையாகப் போய்ப் பேசினார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் 13 ஊர்கள் ஒன்றாக அறிவித்தன. அந்நாட்டின் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. காம்பியாவில் வரிசை தலைகீழாகிவிட்டது.

2024 ஜூலை 9, செவ்வாய்

தடை நீடிக்க வேண்டும் என்னும் குழுவின் அறிக்கையைச் சபை நேற்று ஏற்றுக்கொண்டது. மார்ச்சில் 42 என்று கை தூக்கியவர்களில் பலர் மாறியிருக்க வேண்டும். மருத்துவர்களையும், வெட்டப்பட்ட பெண்களையும், வெட்டியவர்களையும், இமாம்களையும் குழு அழைத்துக் கேட்டது. ஜமே காலத்தில் நடக்காத பேச்சு ஒன்பது ஆண்டு பிந்தியாவது நடந்திருக்கிறது; இதற்காகக் கிபாவுக்கு நன்றி சொல்ல வேண்டியிருப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இன்று வகுப்பில் அந்தப் பின்வரிசை மாணவியின் கேள்விக்கு மறுமொழி சொன்னேன். ஆம், எங்கள் ஊரில் உண்டு, எனக்கும் நடந்தது என்றேன். யாரும் எதுவும் பேசவில்லை. பாடம் முடிந்து வெளியேறும்போது அவள் என் பையைத் தூக்கிக்கொண்டு வாயில் வரை வந்தாள்.

2024 ஜூலை 15, திங்கள்

சட்டமூலத்தின் பிரிவுகள் எல்லாவற்றையும் சபை நிராகரித்தது. தடை நிற்கிறது. மாணவியர் ஆரவாரத்தோடு செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மூத்தம்மா வானொலியை அணைத்துவிட்டு, மழைக்கு முன் நிலக்கடலைச் சாக்கை உள்ளே எடுக்கச் சொன்னார்.

2024 ஜூலை 21, ஞாயிறு

காலையில் மருமகள் சந்தைக்குப் புறப்பட்டாள். மழை தூறிக்கொண்டிருந்ததால், குழந்தையை என்னிடம் விட்டுப் போ என்று மூத்தம்மா கையை நீட்டினார். பேத்தியின்மேல் அவருக்கு உயிர். அதில் ஐயமே இல்லை. மருமகள் சிரித்த முகத்தோடு ஏதோ சொல்லி மறுத்துவிட்டுக் குழந்தையை முதுகில் கிடத்தித் துணியைச் சுற்றி இறுக்கி முடிந்தாள். பிறந்த நாள் முதல் அவள் குழந்தையை வீட்டில் விட்டுப் போனதில்லை என்பது இன்றுதான் எனக்குப் புலப்பட்டது. "சட்டம்தான் நிலைத்துவிட்டதே" என்று வாயில்வரை போய் மெல்லச் சொன்னேன். "ஆமாம், அக்கா" என்றாள். முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு மழையில் இறங்கினாள்.