செயற்கை மூச்சுக்குழாயைச் சோதிக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு

முதல்ல இறைச்சிக் கடையில ஆட்டு மூச்சுக்குழாய் ஒன்று வாங்கி விரலால நசுக்கிப் பாருங்க. முன்பக்கக் குருத்தெலும்பு வளையம் எதிர்த்து நிற்கும், பின்பக்கத் தசை உள்ளே மடங்கும், விட்டதும் வாய் திறந்துவிடும். உங்க குழாயும் அப்படி மீளணும். விறைப்பு கூடினால் இருமலில் தையலை அறுக்கும். மெத்தென்று இருந்தால் கழுத்துப் பகுதியில மூச்சை இழுக்கும்போதே சப்பிப்போகும்.

கசிவுக்கு, இரு முனையும் தைத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, 40 செ.மீ. நீரழுத்தம் வரை காற்றை ஏற்றுங்க. குமிழி பெரும்பாலும் தையல் ஓட்டையிலதான் வரும்.

நுவரெலியாவில வேலை செய்றவங்க இதை மறக்கவே கூடாது: இங்கே 1,868 மீட்டர் உயரம். ஓட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தால கிருமி கொல்லும் கலன்) முள் 15 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டினாலும் உள்ளே கிருமி சாகத் தேவையான 121 பாகை செல்சியஸ் வராது, ஏறக்குறைய 118தான். முள்ளை நம்பாம வெப்பமானியைப் பாருங்க, அழுத்தத்தை 18 அளவுக்கு ஏற்றுங்க. குழாய் பொலிகப்ரோலக்டோன் என்ற பிளாஸ்டிக்கால ஆனது என்றால் ஓட்டோகிளேவே வேண்டாம், 60 பாகையில உருகிடும். கிருமி கொல்ல எத்திலீன் ஒக்சைட் வாயு பாவிச்சா அது முழுக்க வெளியேற விடுங்க. மிச்சம் இருந்தால் செல்கள் சாகும், பழி பொருள் மேல விழும்.

இவ்வளவும் தேறினாலும் மனிதருக்குப் போக முடியாது. 2011இல் ஸ்டொக்ஹோமில பாவ்லோ மக்கியரினி என்ற அறுவை மருத்துவர் நோயாளிகளுக்குப் பிளாஸ்டிக் மூச்சுக்குழாய் பொருத்தத் தொடங்கினார். அங்கே பொருத்தப்பட்ட மூவரும் இறந்துட்டாங்க. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருடச் சிறை விதிச்சது. குழாய்க்கு இரத்த ஓட்டம் இல்லை, சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் இல்லை. சளி தேங்கும், கிருமி பிடிக்கும், இணைப்பு விடும். விலங்கில் மாதக்கணக்காக வைத்து, உள்காட்டியால் பார்த்து, அந்த நுண்மயிர்ப் படலம் நடு வரைக்கும் வளர்ந்திருக்கா என்று திசுவை வெட்டிப் பாருங்க.